சுலோச்சனாக்காவின் ஹை ஜம்ப் மெத்தை

செய்தி வந்தபோது அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு போன் வந்து, அந்த வீட்டுப் பெண் மதில் ஓரமாக நின்று, "டீச்சர், உங்க ஸ்கூல்ல டிரில் மிஸ்ஸா இருந்தாங்களே, அவங்க தவறிட்டாங்களாம்" என்று சொன்னாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். சாவுக்குப் போய் வந்து தலை முழுகிவிட்டு, மறுபடியும் அதே தாள்களைத்தான் திருத்தினேன். அலுப்பு அப்படி.

நம் பள்ளியில் சுலோச்சனாக்காவை அறிந்த உங்களுக்கு அவரை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. இடுப்பில் செருகிய புடவை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிற்றோடு விசில். புதிதாக வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள், கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் நறுக்கென்று பேசுகிற இடத்தில் அவர் மட்டும் வாய் நிறையச் சேலையூர்த் தமிழ் பேசுவார். அவர் குடும்பத்து நிலத்தைத்தான் அண்ணன்மார் மனை மனையாகப் பிரித்து விற்றார்கள். எங்களைப் போலக் காலனியில் குடியிருப்பவர்கள் கொஞ்சம் மூக்கைச் சுளித்தால், "இன்னா மூஞ்சி அது? எங்க கத்திரிக்காத் தோட்டத்து மேலதான் நீங்கல்லாம் வூடு கட்டிக்கினு கீறீங்க" என்பார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, "டயம் கெடைக்கல" என்பதுதான் பதில். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் சொல்லப்போவது பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் நடுவில், என் மகள் என் வயிற்றில் இருந்த கடைசி வாரங்களைப் பற்றி. அப்போது மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமனார் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அவரைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் மாமியார்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். எனக்கும் வளையல் அடுக்கினார்கள். அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா பம்பாயில் அண்ணனோடு ஒற்றை அறையில் இருந்தார்.

அந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பஸ்ஸில், காய்கறிக் கடையில், ஆசிரியர் அறையில். "பிரசவத்துக்கு எங்க போறே? அம்மா வீடு எங்க?" "எங்கேயும் போகல" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கேட்டவர்கள் உடனே முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்க்காமலிருக்கவே சில நாள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவரும் களைத்துப்போன மனுஷிதான். "குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாத்தாம்மா சுகப்பிரசவம் ஆகும். நாங்கல்லாம் நாத்து நட்டுட்டு வந்து பெத்தோம்" என்பார். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. கிணற்றடியில் துணி அலசவும் மாமனாரின் படுக்கையை மாற்றவும் இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. இருந்தது என் கைதான். காலையில் அதை முடித்துவிட்டு பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, மாலைவரை நின்றுகொண்டே கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவேன்.

தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி மாதம் பிறந்ததும் டாக்டரம்மா என் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, எழும்பவில்லை. "பிரஷர் ஏறியிருக்கு. தினமும் பகல்ல இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். இது இன்னும் ஏறினா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அடுத்த வாரம் இறங்கலேன்னா இங்கேயே அட்மிட் பண்ணிடுவேன்" என்றார். பிறகு அவரும் கேட்டார், "அம்மா வீட்டுக்குப் போகலையா?"

லீவு எடுத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதானே என்று இப்போது என் மகள் கேட்கிறாள். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். மகப்பேறு விடுப்பு அப்போது மூன்று மாதம். பிரசவம்வரை தாக்குப்பிடித்தால் அந்த மூன்று மாதமும் கோடை விடுமுறையோடு போய் ஒட்டிக்கொள்ளும். முன்னாலேயே எடுத்தால், முழுப் பரீட்சை நேரத்தில் பால்குடி மாறாத சிசுவை விட்டுவிட்டு வர வேண்டும். யாரிடம் விடுவது? படுக்கையில் கிடக்கிறவரையே தூக்க முடியாமல் தவிக்கிற மாமியாரிடமா? வீட்டில் இருந்தாலும் எனக்குப் படுக்கை கிடைக்காது என்பது வேறு விஷயம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நான் படுக்க வேண்டும், பிறந்த பிறகு அதே பிள்ளைக்கு நான் லீவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், அப்படியே நெற்றியைப் பலகையில் வைத்துத் தூங்கிவிட்டேன். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சுலோச்சனாக்கா உள்ளே வந்து என் கையிலிருந்த சாக்பீஸை எடுத்தபோதுதான் விழித்தேன். நெற்றியெல்லாம் சுண்ணாம்பு.

"மாடு நின்னுகினு தூங்கிப் பாத்துக்கீறேன். டீச்சர் தூங்கி இப்பதான் பாக்கறேன்" என்றார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். "இன்னா கணக்கு, கால் இன்னா இப்டி வீங்கிக்கீது?"

அவர் என்னை அதுவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு "கணக்கு" என்று கூப்பிட்டவர் கடைசிவரை அதை மாற்றவில்லை. நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

என்ன பேசினார் என்பது பியூன் வழியாகத்தான் தெரியவந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் என் இரண்டு வகுப்புகளையும் பிரசவம்வரை அவரே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "டிரில் டீச்சர் கணக்கு எடுக்கப் போறீங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டாராம். "டிரில்தான் எடுப்பேன். ஸ்போர்ட்ஸ் டே வருதில்ல? கணக்கு எங்க ஓடிப்போவுது? அது அங்கியேதான் கீது." தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அனுமதி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அந்த அம்மாளும் மூன்று பிள்ளை பெற்றவர்தான்.

விளையாட்டுச் சாமான் அறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மைதானத்துக்கு நேராகச் சன்னல். பந்துகள், டென்னிகாய்ட் வளையங்கள், கயிறுகள், ஒரு மூலையில் உடைந்த கேரம் போர்டு, அறை முழுக்க ரப்பர் வாசனை. தேங்காய் நார் வெளியே தெரியும் அந்த ஹை ஜம்ப் மெத்தையைத் தரையில் போட்டு, அதன்மேல் தன் வீட்டுப் போர்வையை இரண்டாக மடித்து விரித்திருந்தார். தலைக்குக் கொடிகளைச் சுருட்டி வைத்த பை.

"படு. எந்தப் பக்கம்னு சொன்னாங்க?"

"இடது பக்கம். ஆனா அக்கா, கடைசி மாசம் நல்லா நடக்கணும்னு எல்லாரும் சொல்றாங்களே? நீங்க ஏதாவது எக்சர்சைஸ் சொல்லித்தருவீங்கன்னு நினைச்சேன்."

"நடக்கறதுக்கு இன்னா? பஸ் ஸ்டாண்டுலேந்து நடந்துதானே வர்றே. ஓடறவளுக்கு ஓடறது எப்டின்னு சொல்லித்தர வாணாம். உக்காரத்தான் சொல்லித்தரணும். படு."

படுத்தேன். தூங்கினேன். அதற்கு மேல் அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன். கனவுகூட இல்லை. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு அக்கா வந்து என் பாதத்தில் தட்டுவார். ஒரு சொம்புத் தண்ணீர் தருவார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு கடைசி வகுப்புக்குப் போவேன். அடுத்த வாரம் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இறங்கியிருக்கே. யார் வீட்ல இருக்கே?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஒருநாள் விழித்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. யோசித்துப் பார்த்தேன், விசில் சத்தம். இவ்வளவு நாளாக மைதானத்தில் டிரில் நடக்கிறது, ஒருமுறைகூட விசில் கேட்டதாக நினைவில்லை. "ஏன்க்கா, விசில் ஊதறதில்லையா?" என்று கேட்டேன்.

"கடவாய்ப் பல்லு ஆடுது. பிகில வாயில வெச்சா உசுரு போவுது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். "உன் பாட்டப் பாரு" என்றார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த அறையில் ஆணியில் ஓர் ஒயர் கூடை தொங்கும். பச்சையும் மஞ்சளுமாகப் பின்னியது. நம் பள்ளியில் கர்ப்பமாக இருந்த ஆசிரியைகளுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியதெல்லாம் அதில் தயாராக இருக்கும். பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது என்பதால், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பழைய வேட்டித் துண்டுகள், பிளாஸ்க், டம்ளர், ஊக்கு, சோப்பு, வெந்நீர்ப் பை. பிரசவம் முடிந்து வருகிறவள் எல்லாவற்றையும் துவைத்து, குறைந்ததை நிரப்பி, அடுத்தவளுக்காக அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும். இதை ஆரம்பித்தவர் சுலோச்சனாக்கா. அவருக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

கூடையை என் வீட்டில் கொடுக்க அவரே ஒரு சனிக்கிழமை மாடம்பாக்கம் வந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே என்னிடம், ஆனால் வெளியே கேட்கும்படி, "கல்யாணம் ஆகாதவ, பிள்ளை பெறாதவ. அவ கையால வாங்கணுமா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்தால் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதுகள் மட்டும் சிவந்திருந்தன. "திங்கக்கெழம சயின்ஸ் டீச்சர் கையால குடுத்தனுப்பறேன். மூணு பெத்தவங்க. கூடை கூடைதானே" என்று சொல்லிவிட்டு, அதே கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். சொன்னபடியே திங்கட்கிழமை சயின்ஸ் டீச்சர் கொடுத்தார். எனக்கு அதை அப்படி வாங்கப் பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வலி வந்தது ஒரு வேலைநாளில், முதல் வகுப்பிலேயே. முதுகுவலி என்று நினைத்து மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மெத்தையில் படுத்த பிறகுதான் அது விட்டு விட்டு வருகிறது என்று புரிந்தது. "அக்கா" என்று ஒரு குரல்தான் கொடுத்தேன். மைதானத்தில் இருந்தவருக்கு எப்படிக் கேட்டதோ, உடனே வந்து நின்றார். ஆட்டோ வந்தது. பியூன் கூடை எடுத்துவர மாடம்பாக்கத்துக்கு சைக்கிளில் போனார். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அலறினேன். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல அக்கா? ஆகாதில்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அவருக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல வராது. "நாலாவது ரவுண்டு ஓடறப்ப கடைசிக் கோட்டைப் பாக்காத. பாத்தா கால் பின்னிக்கும். அடுத்த மூச்சு எங்க கீதுன்னு மட்டும் பாரு. இத வுடு. அடுத்தது வரட்டும். வந்துதா? அதயும் வுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் குரலுக்குக் குறைவில்லை. டாக்டரம்மா, "பிரஷர் மட்டும் இறங்காம இருந்திருந்தா இன்னிக்கு வேற கதையா இருந்திருக்கும்" என்று நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கூடையோடு வந்து சேர்ந்திருந்த மாமியார்தான் அந்தப் பழைய வேட்டித் துணியில் குழந்தையை வாங்கினார். காலையிலிருந்து மாமனாரைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்கார வேண்டும். பக்கத்தில் நின்றிருந்தவர் அக்கா. "இந்தாம்மா, கொஞ்சம் பிடி" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். மனம் மாறிக் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். களைப்புக்கு முன்னால் சாத்திரம் நிற்கவில்லை, அவ்வளவுதான். அக்கா பரிசுக் கோப்பையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, அசையாமல் நின்றார். "இன்னாடி, இவ்ளோ லேசாகீறே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டேக்கு நான் இல்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விசிலே இல்லாமல், சுலோச்சனாக்காவின் கையசைவை மட்டும் பார்த்து, சத்தமே போடாமல் கூட்டு டிரில் செய்தார்களாம். சிறப்பு விருந்தினர் அசந்துபோய், இது என்ன புதிய முறை, எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று மேடையிலேயே கேட்டாராம். "பல்வலி சார்" என்று அக்கா சொல்ல, கூட்டம் சிரித்ததாம். கோடை விடுமுறை முடிந்து நான் திரும்பி வந்தபோது மைதானத்தில் பழையபடி விசில் அலறிக்கொண்டிருந்தது. "பல் என்ன ஆச்சு?" என்றேன். "புடுங்கியாச்சி" என்றார். அதன்பிறகு எங்களுக்குள் அவருக்குப் "பல் மிஸ்" என்றே பெயர். சயின்ஸ் டீச்சர் மகள் கல்யாணத்தில் எல்லோரும் உடைக்க முடியாமல் வைத்த சீர் முறுக்கை அவர் கடவாயில் வைத்துக் கடகடவென்று கடித்ததை என் கண்ணால் பார்த்தேன். கணக்கு டீச்சர் என்று பெயர், இரண்டையும் இரண்டையும் கூட்டத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வியாதி அவரைப் பிடித்துக்கொண்டது. காலில் ஒரு புண் ஆறவே இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. போகும்போதெல்லாம் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கும் வேலை முடிந்து போன களைப்பு, அவருக்கும் வலியோடு இருக்கிற களைப்பு. "படு கொஞ்ச நேரம்" என்று கட்டிலில் ஓரமாக நகர்ந்துகொள்வார். சில நாள் படுத்தும் இருக்கிறேன். ஒயர் கூடையை என்னிடம் கொடுத்து, "ஆணிய புடுங்கிட்டாங்களாம். நீயே வெச்சிரு, கேக்கறவளுக்குக் குடு" என்றார். இந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. அது என் அலமாரிமேல் இருந்தது.

போன வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கடைசி பெஞ்சில் வசந்தி உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அப்போதைய எட்டாம் வகுப்பு மாணவி. இப்போது நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்களாம், அதனால் கூட்டத்துக்காவது வந்தேன் என்றாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது. என் பழக்கதோஷம், "பிரசவத்துக்கு எங்கம்மா போறே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா வீட்டுக்குத்தான் என்றாள். பிறகு, "நீங்க அப்ப ஸ்கூல்ல தூங்குவீங்களே டீச்சர், அதைத்தான் இப்ப தினமும் நினைச்சுக்கறேன்" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா அது?"

"எங்களுக்குத் தெரியாமலா? உங்களுக்காகத்தானே மிஸ் விசிலே ஊதல. கையை இப்படித் தூக்கினா நிக்கணும், இப்படி இறக்கினா ஓடணும். வாயைத் திறந்தா வெயில்ல முட்டி போடணும். 'உள்ள ரெண்டு உசுரு தூங்குது, எவளாச்சும் எழுப்பினீங்க, தொலைச்சுடுவேன்'னு சொல்லியிருந்தாங்க. ஷூவைக்கூடக் கழட்ட வெச்சிட்டாங்க டீச்சர். வெறுங்காலோட ஓடினோம்."

"அவங்களுக்குப் பல்வலின்னு..."

"பல்வலியா?" என்றாள் வசந்தி. அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. செய்தி கேட்டபோது வராதது, பாடையைத் தூக்கியபோது வராதது, பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு வந்தது. பாவம், அந்தப் பெண் பயந்துவிட்டாள். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தாள். இத்தனை வருஷமாக அக்கா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பல் மிஸ் என்று நாங்கள் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தார்.

வசந்தியை மறுநாள் வீட்டுக்கு வரச்சொல்லி, கூடையை இறக்கி, துணிகளைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். ஆக, கூடையும் என்னிடம் இல்லை. விசில் அவர் அண்ணன் வீட்டில் எங்கே போனதோ தெரியாது. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தூக்கம். சன்னலுக்கு வெளியே ஒரு வகுப்புப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருக்க, நானும் என் மகளும் தேங்காய் நார் மெத்தையில் இடது பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிய தூக்கம். முதல் பிரசவத்துக்கு எங்கே போனாய் என்று இனி யாராவது கேட்டால், எங்கேயும் போகவில்லை என்று சொல்லமாட்டேன். தாய்வீட்டுக்குப் போயிருந்தேன் என்று சொல்வேன்.